இல்லாத பொத்தான்

வில்லோபி முகடு, தீக்காவல் கோபுரம்
ஜூன் 24

அன்புள்ள எமெட்,

நான் பள்ளியில் பாடம் நடத்திய கடைசி வருடம், முன் வரிசைப் பெண் ஒருத்தி கை தூக்கிக் கேட்டாள்: "மிஸ், கண்ணாடி போட்டுக்கிட்டு எங்களைப் பார்க்கிறீங்களே, பார்க்கிறது நீங்களா, கண்ணாடியா?" வகுப்பே சிரித்தது. "நான்தான். அது எனக்கு எடுபிடி," என்றேன். அவள் சமாதானமாகவில்லை. "அப்ப அதைக் கழட்டிட்டு என் பேரு என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்," என்றாள். மணி அடித்து என்னைக் காப்பாற்றியது.

உன் இயந்திரத்தை இங்கே பொருத்தியதிலிருந்து அந்தப் பெண் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறாள். பக்கத்து வகுப்பறையில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த நீ, சாக்பீஸை உதறிவிட்டு மிசூலாவுக்குக் கம்பெனி வேலைக்குப் போனபோது, உன் சரக்கு ஒருநாள் என் மேசையிலேயே வந்து உட்காரும் என்று நான் நினைக்கவில்லை.

கோபுரத்தின் நான்கு மூலையிலும் கேமரா. மேசையில் திரை. திரைக்குக் கீழே மூன்று பொத்தான்கள்: புகை, மூடுபனி, தூசி. கேமரா எதையாவது சந்தேகப்பட்டால் திரை கூவுகிறது. ஒரு நிமிடத்துக்குள் மூன்றில் ஒன்றை நான் அழுத்த வேண்டும். இல்லையென்றால் அழுத்தும்வரை கூவும்.

குறை சொல்வதாக நினைக்காதே. சொல்லத்தான் போகிறேன். கோடை விடுமுறைகளில் இந்தக் கோபுரத்துக்கு வரத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மணிக்கொரு தரம் எழுந்து, வடக்கு ஜன்னலில் தொடங்கி, முழுவட்டம் பார்ப்பேன். சந்தேகமே இல்லாத இடத்தையும் பார்ப்பதுதான் அதன் சாரம். பரீட்சை அறையில் இருமுகிற பையனையே பார்த்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் நிம்மதியாகக் காப்பியடிப்பார்கள், உனக்குத் தெரியாததா? உன் இயந்திரம் நாள் முழுவதும் இருமுகிறது. வட்டம் பாதியில் அறுந்துபோகிறது.

அதிலும் விடியற்காலை. மழை பெய்த மறுநாள் மேற்கே ஆல்டர் பள்ளத்திலிருந்து மூடுபனி திரிதிரியாக எழும். தூரத்துக்குப் புகை மாதிரியே இருக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரே வழி பொறுத்திருப்பதுதான். வெயில் ஏறினால் மூடுபனி கலையும். புகை அதே இடத்தில் நிற்கும். ஆனால் உன் இயந்திரத்துக்குப் பொறுமை கிடையாது.

இதை ரேடியோவில் சொல்லலாம்தான். மாவட்டமே கேட்கும். அதனால் வெர்னிடம் கொடுத்தனுப்புகிறேன். கோவேறு கழுதைகளில் எனக்கு அரிசி, பீன்ஸ், காபித்தூள் எல்லாம் ஏற்றி வருகிறவர் அவர்தான். இன்று வந்ததும், "என்ன டீச்சர், சேவல் வளர்க்கிறீங்களா? கீழ வளைவு வரைக்கும் கூவுது," என்றார். "என்னோடது இல்ல, எமெட் வளர்க்கிறது," என்றேன்.

மார்னி

*

மிசூலா
ஜூலை 3

மார்னி,

உன் கடிதத்தைக் கூட்டத்தில் சத்தமாகப் படித்தேன். இருமுகிற பையனுக்கு எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் மேலாளர் டார்லா மட்டும் சிரிக்கவில்லை. "அந்தம்மாவுக்குப் பிடிக்கலைன்னா வேற டவர்ல வெச்சுக்கலாமே?" என்றாள். "பிடிக்காதவங்ககிட்டதான் வெச்சுப் பார்க்கணும்," என்றேன். அவள் வாயை அடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவள் அதைக் குறித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

கூவல் குறையும். இடத்துக்குப் பழகப் பழகத் தானாகவே குறையும். எப்படி என்று விளக்கினால் தூங்கிவிடுவாய். நானே அரைத் தூக்கத்தில்தான் எழுதுகிறேன்.

மனிதக் கண் அசந்துபோகும், இயந்திரம் அசராது. இயந்திரம் மேகத்தைப் பார்த்துத் தீ என்று உளறும், மனிதர் உளறமாட்டார். இரண்டு சல்லடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் ஒன்றின் ஓட்டையை மற்றது மறைக்கும். நான் போகிற இடமெல்லாம் விற்பது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். வாங்குவதா வேண்டாமா என்று இலையுதிர் காலத்தில் வனத்துறை முடிவெடுக்கும். இந்த அறையில் இருக்கும் அத்தனை பேர் வேலையும் அதில் தொங்குகிறது. என்னுடையதும்.

கொஞ்சம் பொறுத்துக்கொள்.

எமெட்

*

வில்லோபி முகடு
ஜூலை 21

அன்புள்ள எமெட்,

நீ சொன்னது பலித்தது. இரண்டு வாரமாகச் சேவல் அடங்கிவிட்டது. ஆல்டர் பள்ளத்தில் மூடுபனி எழுகிறது, திரை வாயே திறப்பதில்லை. கிழக்கே மண்சாலையில் மரலாரி போனால் மட்டும் தூசிக்கு ஒரு கூவல். நான் நன்றாகத் தூங்குகிறேன். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல எனக்குத் தெரியும்.

இப்போது தைரியமாக ஒன்றைச் சொல்கிறேன். அந்த ஆரம்ப வாரங்களில் விடியற்காலைக் கூவலுக்கெல்லாம் நான் எழுந்திருக்கவே இல்லை. இது ஒற்றை அறை, உனக்குத் தெரியும். கட்டிலிலிருந்து மேசை எட்டிவிடும் தூரம். பான்கேக் திருப்பும் நீளக் கரண்டியால் படுத்தபடியே நடுப் பொத்தானை அழுத்திவிட்டு மறுபடி போர்த்திக்கொள்வேன். மூடுபனி, மூடுபனி, மூடுபனி. ஒருநாள் குறி தவறிக் காபிக் கோப்பை போயிற்று. உன் கூட்டத்தில் இதையும் படித்துக் காட்டு.

இந்த அமைதியில் ஒரு சின்னச் சங்கடம். நேற்று மதியம் புத்தகத்திலிருந்து தலை நிமிர்ந்தபோது, வட்டம் பார்த்து எத்தனை நேரமாயிற்று என்று எனக்கே தெரியவில்லை. கூவவில்லை, ஆகவே பார்க்கவில்லை. வெர்ன் சாமான் இறக்கிக்கொண்டே கேட்டார்: "மெஷினும் பேசாம இருக்கு, நீங்களும் பேசாம இருக்கீங்க. ரெண்டு பேருல இப்ப யாரு டியூட்டி?"

"அது பார்க்குது, நான் அதைப் பார்க்கிறேன்," என்றேன்.

"அப்ப காட்டை நான்தான் பார்க்கணும்போல," என்றார்.

அவர் அடுத்த வாரத்திலிருந்து ஆல்டர் பள்ளத்தில் கூடாரம் போடுகிறார். கழுதைகளுக்கு அங்கேதான் இன்னும் பச்சைப் புல் இருக்கிறதாம்.

மார்னி

*

மிசூலா
ஆகஸ்ட் 5

மார்னி,

ரேடியோவில் உனக்கு எவ்வளவு சொன்னார்களோ தெரியாது. வெர்ன் இங்கே மருத்துவமனையில் இருக்கிறார். இரண்டு கையும் முழங்கைவரை வெந்திருக்கின்றன. உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். கட்டியிருந்த கழுதைகளை அவிழ்த்துவிடத் திரும்பிப் போயிருக்கிறார். இரண்டைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆல்டர் பள்ளத்துத் தீக்கு எங்கள் திரை ஒரு கூவல்கூடக் கொடுக்கவில்லை. பதிவில் பார்த்துவிட்டேன். நீ என்ன பார்த்தாய் என்று எழுது. அறிக்கை கேட்கிறார்கள். தீயணைப்புக் குழுவுக்குச் சாமான் கொண்டுவரும் ஹெலிகாப்டரில் இதை அனுப்புகிறேன். பதிலையும் அதிலேயே போடு.

எமெட்

*

வில்லோபி முகடு
ஆகஸ்ட் 8

எமெட்,

என்ன பார்த்தேன் என்று கேட்கிறாய். எதையும் பார்க்கவில்லை. அதுதான் பதில்.

ஜூலைக் கடைசியில் இடிமழை. பள்ளத்தில் ஏதோ ஒரு மரத்தில் மின்னல் இறங்கியிருக்கிறது. அது உள்ளுக்குள்ளேயே நாட்கணக்கில் புகைந்திருக்கிறது. இப்படி நடக்கும், நாங்கள் எல்லோரும் அறிந்ததுதான். காற்று வரும்வரை அது நூல் மாதிரி ஒரு புகையைத்தான் விடும், விடியலில், மூடுபனிக்கு நடுவே. முந்தைய கோடைகளில் இப்படி இரண்டைக் கண்டுபிடித்திருக்கிறேன். ஒன்றும் சாமர்த்தியம் இல்லை. மூடுபனி கலைந்த பிறகும் ஜன்னலில் நின்றேன், அவ்வளவே.

நான்காம் தேதி மதியம் காற்று எழுந்தது. அந்த நேரம் திரை கிழக்கே மண்சாலைத் தூசிக்குக் கூவிக்கொண்டிருந்தது. நான் கிழக்கு ஜன்னலில் நின்று தூசியைத் தூசி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் மேற்கே புகைத்தூண் எழுந்து நின்றது. விமானத்தில் போன யாரோ பார்த்து ரேடியோவில் சொல்லித்தான் திரும்பினேன்.

இப்போது நான் கேட்கிறேன். ஜூன் மாதம் ஆல்டர் பள்ளத்தில் ஒரு திரி எழுந்தால் என்னைத் தூங்கவிடாத இயந்திரம், ஆகஸ்டில் உண்மைப் புகைக்கு ஏன் பேசாமல் இருந்தது? "பழகப் பழக" என்று எழுதினாயே. எதற்குப் பழகியது? யார் பழக்கினார்கள்?

நான் தூங்கிவிடுவேன் என்று பயப்படாதே. இப்போது தூக்கம் இல்லை. விளக்கு.

மார்னி

*

மிசூலா
ஆகஸ்ட் 12

மார்னி,

நீதான் பழக்கினாய்.

இதை எப்படி மென்மையாக எழுதுவது என்று இரண்டு நாளாகப் பார்த்தேன். வழியில்லை. நீ அழுத்தும் ஒவ்வொரு பொத்தானும் அதற்குப் பாடம். ஆல்டர் பள்ளம், விடியல், வெள்ளையாக ஒரு திரி: மூடுபனி என்று நீ சொல்லிச் சொல்லி, அந்தப் பள்ளத்தில் எழும் எதையும், எந்த நேரத்திலும், பொருட்படுத்த வேண்டாம் என்று அது கற்றுக்கொண்டது. அதன் ஆசிரியை நீ. பிறகு அது பேசாததால் நீ பார்க்கவில்லை. நீ சரிபார்க்கிறாய் என்று அது நினைத்தது; அது பார்க்கிறது என்று நீ நினைத்தாய். இரண்டு சல்லடை என்று நான் விற்றது ஒரே ஓட்டையைத்தான்.

இதைக் காவலர்களான உங்களிடம் மறைத்தது நான். ஆரம்பச் சோதனையில், அழுத்துவதெல்லாம் பாடமாகப் போகிறது என்று தெரிந்த காவலர்கள் தயங்கினார்கள், யோசித்தார்கள், நேரம் எடுத்தார்கள். கூட்டத்தில், "அப்ப சொல்லவே வேண்டாம், இயல்பா அழுத்தட்டும்," என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. உன் கரண்டிக் கடிதத்தை நான் அலுவலகப் பலகையில் குத்தி வைத்திருந்தேன். எல்லோருக்கும் பிடித்திருந்தது. தீ பற்றிய மறுநாள் டார்லா அதைப் படம் எடுத்துக்கொண்டாள். அறிக்கையின் நகல் இப்போது என் மேசையில் இருக்கிறது. "காவலர் படுத்தபடியே கரண்டியால் எச்சரிக்கைகளைத் தள்ளிவிட்டதாகத் தானே எழுதியுள்ளார். மனிதக் கவனக்குறைவு." அதற்குக் கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

"கையெழுத்து போடு எமெட், அந்தம்மா ஓய்வுபெற்றவங்க, அவங்களுக்கு என்ன நஷ்டம்?" என்கிறாள் டார்லா. "இங்க எத்தனை பேருக்குச் சோறுன்னு யோசி." யோசிக்கிறேன். அவள் சொல்வது பொய்யும் இல்லை.

போட்டால் இனி நீ எந்தக் கோபுரத்திலும் ஏற முடியாது. வெர்ன் கை வெந்தது உன்னால் என்று எழுத்தில் இருக்கும். போடாமல் உண்மையை எழுதினால் எங்கள் திட்டம் முடிந்தது.

களைத்துப்போயிருக்கிறேன். நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

எமெட்

*

வில்லோபி முகடு
ஆகஸ்ட் 16

எமெட்,

"நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அலுத்துவிட்டது. இரண்டு மாதம் உன் இயந்திரத்துக்காகப் பொத்தான் அழுத்தினேன். இப்போது உனக்காகவும் ஒன்றை அழுத்தச் சொல்கிறாய். மாட்டேன். கையெழுத்து உன்னுடையது.

ஆனால் என் பங்கை நானே எழுதுவேன். தனிக் கடிதமாக மாவட்ட அதிகாரிக்கு இதே ஹெலிகாப்டரில் போகிறது. கரண்டிக் கதையும் அதில் இருக்கிறது. பார்க்காமலே அழுத்தினேன் என்பதை நான் மறுக்கப் போவதில்லை. வெர்னுக்கு அவ்வளவாவது கடன்பட்டிருக்கிறேன். நீ என் கடிதத்தைப் பலகையில் குத்தியதற்கு எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

உனக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன், பழக்கதோஷம். அரசுத் தேர்வுக் கட்டுரைகளை இரண்டு பேர் திருத்துவோம், நினைவிருக்கிறதா? முதல் ஆள் சிவப்பில் பதினாறு என்று போட்டுவிட்டு என்னிடம் தள்ளினால், நான் எவ்வளவு யோக்கியமாகப் படித்தாலும் பதினைந்து, பதினாறு, பதினேழு. அதற்கு வெளியே என் பேனா போகாது. முதல் மதிப்பெண்ணை மறைத்துக் கொடுக்க ஆரம்பித்த வருடம்தான் நாங்கள் சண்டையே போட்டோம். ஒருவன் ஒன்பது போட்ட தாளுக்கு இன்னொருவன் பதினெட்டு. அந்தச் சண்டைதான் திருத்தம். அதற்கு முன் நடந்தது ஒரே ஆள் இரண்டு கையெழுத்துப் போட்டது.

உன் அறிக்கையில் எதை எழுதினாலும், எழுதாவிட்டாலும், இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதே. புகை, மூடுபனி, தூசி என்று மூன்று பொத்தான் கொடுத்தாய். விடியற்காலையில் ஆல்டர் பள்ளத்தைப் பார்க்கும் எவரும் உண்மையாகச் சொல்லக்கூடிய பதில் இந்த மூன்றிலும் இல்லை. "இன்னும் தெரியவில்லை" என்பதுதான் அந்தப் பதில். அதற்குப் பொத்தான் இல்லை. கரண்டியால் அழுத்தாமல் எழுந்து நின்று அழுத்தியிருந்தாலும், ஒரு நிமிடத்தில் நான் பொய்தான் சொல்லியிருப்பேன். நாள்தோறும் அந்தப் பொய்யை அது மனப்பாடம் செய்திருக்கிறது.

வெர்னைப் போய்ப் பார்.

மார்னி

*

மிசூலா
ஆகஸ்ட் 28

மார்னி,

டார்லாவின் அறிக்கையில் நான் கையெழுத்திடவில்லை. என்னுடையதைத் தனியாக எழுதினேன். பொத்தான்கள் பாடமாகப் போனது, அதை உங்களிடம் சொல்லாதது, சொல்ல வேண்டாம் என்று சொன்னது யார், நான்காவது பொத்தான் இல்லாதது. உன் கரண்டியையும் எழுதினேன். நீயே எழுதிவிட்ட பிறகு நான் மறைப்பது உனக்கு அவமரியாதை.

படித்துவிட்டு டார்லா கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "உனக்கு மனசு லேசாயிருக்கும். மத்தவங்களுக்கு நீயே சொல்லிடு," என்றாள். சொன்னேன். வனத்துறை இந்தப் பருவத்துக்குத் திரைகளை அணைத்துவிட்டது. அறையில் பாதிப் பேருக்கு வேறு வேலை கொடுத்தார்கள். மீதிப் பாதியில் நானும் ஒருவன். ஒரு பெண் தன் செடியைத் தூக்கிக்கொண்டு போனாள், என் முகத்தைப் பார்க்காமல். நான் செய்தது சரி என்று எனக்கு ஒரு நாளும் முழுசாகத் தோன்றப்போவதில்லை.

வெர்னைப் பார்த்தேன். இரண்டு கையும் பஞ்சுப் பொதி. அறிக்கை முழுவதையும் படித்துக் காட்டச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "ஆக, டீச்சர் தூங்கிட்டாங்க, மெஷின் டீச்சரைக் காப்பியடிச்சுது, நீ ரெண்டு பேருக்கும் நல்ல மார்க் போட்டே," என்றார்.

"ஆமா."

"என் கழுதைங்க பேரு அதுல எங்கயாவது வருதா?"

வரவில்லை. பெயர்களைக் கேட்டு அங்கேயே எழுதிச் சேர்த்தேன்: கிளமென்டைன், ஓல்ட் ராய். "இப்ப சரி," என்றார். பிறகு, "டீச்சரை டவர்லேருந்து இறக்கிடுவாங்களா?" என்றார். தெரியாது என்றேன். "தெரியாதுன்னு சொல்ல உனக்கும் பொத்தான் வந்துடுச்சு," என்றார். சிரித்ததில் கை வலித்து நர்ஸ் ஓடி வந்தாள். என்னை வெளியே அனுப்பிவிட்டாள்.

இப்போது வீட்டில் உட்கார்ந்து வேலை தேடுகிறேன். விண்ணப்பங்களை ஓர் இயந்திரம்தான் எழுதித் தருகிறது. நேர்த்தியாகத்தான் எழுதுகிறது. நேற்று நான்கைந்து அனுப்பினேன். அனுப்பிய பிறகு ஒன்றைப் படித்துப் பார்த்தேன். அதில் இருந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியவில்லை. சரி, சரி, சரி என்று நான்தான் அழுத்தியிருக்கிறேன்.

உன் விஷயம் என்னவாயிற்று?

எமெட்

*

வில்லோபி முகடு
செப்டம்பர் 7

அன்புள்ள எமெட்,

நேற்று மாவட்ட அதிகாரியே ஏறி வந்தார். மூச்சு வாங்கியபடி என் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கடிதங்களையும், உன்னுடையதையும் என்னுடையதையும், மேசைமேல் வைத்தார். "ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பழியை இழுத்துக்கிறீங்க, எனக்கு இப்படி ஒரு கேஸ் வந்ததே இல்ல," என்றார். என் பெயரில் ஒரு கண்டிப்பு பதிவாகும். அது நியாயம். அடுத்த கோடை நான் இங்கே வரலாம். திரையும் வருமாம், வேறு யாரோ கட்டியது. "அதோட நீங்கதான் சண்டை போடணும் டீச்சர், வேற யாரும் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க," என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையாகவே யோசிக்க வேண்டும். இந்த வருடம் முழங்காலைவிட மனசு அதிகமாகத் தேய்ந்துவிட்டது.

கீழே இறங்கியதும் முதலில் வெர்னிடம் போவேன். அவர் என்னிடம் என்ன சொல்வாரோ தெரியாது. சொல்லட்டும்.

பலகையில் குத்தியது இன்னும் கொஞ்சம் வலிக்கிறது. நீயும் நானும் வயதானவர்கள். ஆறும்வரை காத்திருக்க நமக்கு நேரம் போதாது. ஆகவே வலியோடே எழுதிக்கொண்டிருப்போம். அந்தச் செடிப் பெண்ணுக்கு ஒரு வரி எழுது. பதில் வராவிட்டாலும் எழுது.

விண்ணப்பங்களைப் பற்றி: இயந்திரத்தைத் தூக்கி எறி என்று நான் சொல்லமாட்டேன். உன் ஆங்கிலம் எனக்குத் தெரியும், அதற்கு உதவி தேவை. நாளைக் காலை இதை மட்டும் செய்து பார். அதனிடம் எதைக் கேட்டாலும், பதில் வருவதற்குள் திரையை உள்ளங்கையால் மூடிக்கொள். உன் பதிலை, தெரியாவிட்டால் தெரியவில்லை என்பதை, ஒரு தாளில் எழுது. பிறகு கையை எடு.

மார்னி